ஒன்பதாம் தூணின் மண்

அத்தியாயம் 8

பத்ரி சார் மூன்றாவது தடவையாகவும் மாடிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார்.

"முட்டி வலிப்பா, ஜம்பு. உங்க படி ஏறினா ராத்திரி பூரா உசிரை வாங்கும். மேடத்தைக் கொஞ்சம் கீழ வரச் சொல்லேன்."

ஜம்பு அண்ணாந்து பார்த்தான். முதல் மாடி, மொத்தம் பதினாறே படி. ஜனக்புரியில் தமிழர்கள் கூடிக் கட்டிய அந்தச் சொசைட்டியில், பதினேழாம் நம்பர் ஃப்ளாட்தான் ஜலஜாவின் துப்பறியும் அலுவலகம். அவர் வாடகைக்கு எடுப்பதற்கு முன் நாலு வருஷம் பூட்டிக் கிடந்தது. தமிழ்க் குடும்பங்கள் வருவார்களாம், கதவைப் பார்ப்பார்களாம், யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விடுவார்களாம். பால்கனியில் அடைந்திருந்த புறாக்கள்தான் காரணம் என்று ஜம்பு நம்பிக்கொண்டிருந்தான். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். அவனுக்குப் புரியாத பல விஷயங்களுக்குப் புறாதான் காரணம்.

ஜலஜா இறங்கி வந்தார். ஐம்பத்தாறு வயது, பருத்திப் புடவை, கையில் தண்ணீர் பாட்டில். மத்திய அரசின் விஜிலன்ஸ் பிரிவில் முப்பது வருஷம் அடுத்தவர் ஃபைலைப் படித்தே காலம் தள்ளிவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கி, இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தத் துறையை உதவியாளன் ஜம்புவிடம் ஒப்படைத்திருந்தார்.

காரின் பின் சீட்டில் இளவரசி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். மடியில் இருந்த துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். யமுனைக்குக் குறுக்கே கட்டி முடித்து, திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் புதுப் பாலத்தில் போன வாரம் வரைக்கும் சைட் இன்ஜினியர். இப்போது சஸ்பென்ஷனில் இருந்தாள்.

"நேத்து ஃபோன்ல சொன்னதுதான் மேடம்," என்றார் பத்ரி. பாலத்துக்குத் தலைமைப் பொறியாளர் அவர்தான். இந்த ஏப்ரல் முப்பதாம் தேதி ஓய்வு. "இந்தப் பொண்ணு ரிப்போர்ட்டைப் பொய்யா எழுதிட்டான்னு குத்தம் சாட்டியிருக்கா. நாலு மணிக்கு விசாரணை. அதுல இவதான்னு முடிஞ்சுதுன்னா வேலை போயிடும், அடுத்தது போலீஸ். அதுக்குள்ள யார் பண்ணினான்னு நீங்க கண்டுபிடிச்சாகணும்."

ஜலஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால்.

"எனக்கு மண்ணைப் பத்தி ஒண்ணும் தெரியாது. முதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னது இளவரசி.

"பாலம் கட்டறதுக்கு முன்னாடி ஆத்து மணல்ல தொளை போட்டுப் பாப்பாங்க மேடம். ஒன்றரை மீட்டருக்கு ஒரு வாட்டி அடியில ஒரு இரும்புக் குழாய வெச்சு, மேலேருந்து சுத்தியல விடுவாங்க. அறுபத்திமூணரை கிலோ. குழாய் முப்பது சென்டிமீட்டர் எறங்க சுத்தியல் எத்தினி வாட்டி விழணுமோ, அதான் அந்த ஆழத்துக்கு நம்பர். நாப்பதுன்னா கெட்டி மண்ணு. ஆறு, ஏழுன்னா வெறும் பொலபொலன்னு இருக்குதுன்னு அர்த்தம்."

"பொலபொலன்னு இருந்தா என்ன ஆகும்?"

"சும்மா இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. பூகம்பத்துல தண்ணி ஊறின மணல் குலுங்குனா கூழாயிடும் மேடம். தூணுக்கு அடியில முப்பது மீட்டருக்கு பைல் எறக்கியிருக்கோம், கான்கிரீட் காலு மாதிரி. அது சுத்தியும் இருக்குற மண்ணப் புடிச்சிக்கிட்டுத்தான் நிக்குது. மண்ணு கைய விட்டுட்டா கூழுல நட்ட குச்சிதான். மேல இருக்குற கூழும் கீழ இருக்குற கெட்டி மண்ணும் சேர்ற எடத்துல முறியும்."

"டில்லியில அவ்வளவு பெரிய பூகம்பம் வருமா?" என்றார் ஜலஜா.

"டில்லியில எல்லாமே லேட்டாத்தான் வரும் மேடம்," என்றான் ஜம்பு. "ஆனா வந்துடும்."

அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை. இளவரசி மேலே சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் பாலத்துக்காக மண் சோதித்தவள் அவள். போன மாதம் குடிநீர்க் குழாய் போட வந்தவர்கள் தங்கள் வேலைக்காக ஒன்பதாம் தூணிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி ஒரு துளை போட்டார்கள். ஒன்பது மீட்டர் ஆழத்தில் அவர்களுக்குக் கிடைத்த எண் ஏழு. அதே ஆழத்துக்குப் பாலத்தின் ரிப்போர்ட்டில் இருக்கும் எண் இருபத்தேழு. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது இளவரசியின் கையெழுத்து.

"கையெழுத்து என்னுதுதான் மேடம். ஆனா நடுவுல, ஒம்போதாம் தூணுக்குப் போட்ட மூணு தொளையோட பக்கம் மட்டும் என்னுது இல்ல. யாரோ மாத்தி வெச்சிருக்காங்க. நான் கையால எழுதுன சைட் நோட்டும் ஆபீஸ் பீரோவுல இல்ல. எல்லாம் சின்னச் சின்ன நம்பரு, அது தெரியும். ஒண்ணு ரெண்டுதான் மனசுல நிக்குது. அத வெச்சு யாரு நம்புவாங்க?"

"ரிப்போர்ட் யார் யார் கையில இருந்தது?"

"எங்கிட்ட. அப்புறம் தொளை போட்ட அர்விந்த் சார் கம்பெனியில. அப்புறம் பத்ரி சார் ஆபீஸ்ல."

"என் ஆபீஸ்னா நான்னே வெச்சுக்கோங்கோ," என்றார் பத்ரி, பெருந்தன்மையாக. "ஆனா பைல் போட்ட கான்ட்ராக்டும் அர்விந்தோடதுதான். கெட்டி மண்ணுன்னு காட்டினா பைல் நீளம் குறையும். நான் வேற ஒண்ணும் சொல்லலை."

வேறு சொல்ல என்ன இருக்கிறது என்று ஜம்புவுக்குத் தோன்றியது. கேஸ் அவனைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. மத்தியானச் சாப்பாடு எங்கே என்பதுதான் பாக்கி.

பதினொன்றரைக்குப் பாலத்தடியில் நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. யமுனை தூரத்தில் ஒரு ஓரமாக, நுரையும் நாற்றமுமாக ஓடிக்கொண்டிருந்தது. மீதி இடமெல்லாம் மணல், நடுவில் யாரோ போட்ட பாலக்கீரைப் பாத்தி. தூண்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றிலும் மஞ்சள் பெயிண்டில் எண். ஜம்பு பொழுது போகாமல் எண்ணிக்கொண்டே நடந்தான். ஐந்து, ஆறு, ஏழு, ஏழு-ஏ, ஒன்பது.

"சார், அது என்ன ஏழு-ஏ?"

"டிசைன் நடுவுல ஒரு தூண் கூட்ட வேண்டி வந்ததுப்பா."

"எங்க சந்துலயும் ஒரு வீடு ஏழு-ஏ இருக்கு. அண்ணனும் தம்பியும் சண்டை போட்டுண்டு நடுவுல சுவர் வெச்சுட்டா."

ஜலஜா ஏழு-ஏவைப் பார்த்தார், ஒன்பதைப் பார்த்தார், பாட்டிலைத் திறந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தார். அவர் தண்ணீர் குடித்தால் ஏதோ கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கேட்டால் தாகம் என்பார். ஜம்பு கேட்பதை விட்டு ஆறு வருஷம் ஆயிற்று.

ஒன்பதாம் தூணின் பக்கத்தில் இரும்புப் படிக்கட்டு செங்குத்தாக மேலே போனது. பத்ரி முன்னால் ஏறினார். நடுவில் ஒரு தரம் நின்று, ஜலஜாவுக்குக் கை கொடுத்தார். மறுபடி ஏறினார். அறுபத்தைந்து படி. கடைசியில் ஜம்பு மேலே வந்து சேர்ந்தபோது அவர்கள் பேச ஆரம்பித்து வெகு நேரம் ஆகியிருந்தது.

"தூண் சாயறதை நான் கண்ணால பாத்தவன் மேடம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார் பத்ரி. "வேலைக்குச் சேர்ந்த புதுசு. முப்பத்தாறு வருஷம் இருக்கும். வடகிழக்குல ஒரு ஆத்துப் பாலம், பாதி கட்டியிருந்தோம். கார்த்தால பூகம்பம். எங்களை ஒண்ணும் பண்ணலை. ஒரே ஒரு தூண் மட்டும் மெதுவா சாஞ்சுது. சத்தமே இல்லை. மேல ரெண்டு மேஸ்திரி நின்னுண்டிருந்தா. பேர் கூட ஞாபகம் இருக்கு."

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து ஜம்புவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டான். இந்த மனுஷன் இருக்கும்போது இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது.

பாலத்தின் முனையில், சாக்குத்துணி சுற்றிய கல்வெட்டு ஒன்று தயாராக நின்றது. சாக்கு ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது. 'தலைமைப் பொறியாளர்' என்பதற்குக் கீழே பத்ரியின் பெயர், தங்க வண்ணத்தில். திறப்பு விழா ஏப்ரல் இருபத்தேழு. இன்றைக்குத் தேதி இருபத்தொன்று.

அர்விந்த் கீழே காத்திருந்தார். ஆறடி உயரம், கறுப்புக் கண்ணாடி, கறுப்புப் பெரிய கார். நம்பர் பிளேட்டில் 0008. அவருக்கு ஹிந்தியைத் தவிர வேறு பாஷை தேவைப்பட்டதே இல்லை என்பது அவர் நின்ற தோரணையிலேயே தெரிந்தது.

"நான் மாத்தினேனா? ஏன் மாத்தணும்?" என்றார் ஹிந்தியில். "எங்க ஆபீஸ்லேர்ந்து போனப்போ ஒன்பதாம் தூணுக்கு எல்லாம் சின்ன நம்பர்தான். அந்தப் பொண்ணு எழுதினது சரி. மேலேர்ந்து திரும்பி வந்தப்போ பெரிய நம்பரா இருந்தது. பெரியவங்க மறுபடி சோதனை பண்ணியிருப்பாங்கன்னு நெனச்சேன். கேள்வி கேக்கறது என் வேலை இல்ல, பையா."

"காப்பி இருக்கா?" என்றான் ஜம்பு.

"அந்த வருஷ வெள்ளத்துல சைட் ஆபீஸே போயிடுச்சு. நாற்காலி கூட நொய்டா பக்கம்தான் கெடச்சுது."

ஜம்பு ஜலஜாவைப் பார்த்துக் கண்ணாலேயே சொன்னான். திருடன் வீட்டுக் காப்பி மட்டும் எப்போதும் வெள்ளத்தில்தான் போகும். ஆனால் ஜலஜா கேட்டது வேறு.

"இந்தக் கார் நம்பர் தானா அமைஞ்சுதா, கேட்டு வாங்கினீங்களா?"

அர்விந்தின் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. "ஏலத்துல எடுத்தேன் மேடம்ஜி. நான் எட்டாம் தேதி பொறந்தவன். என் ஃபோன், ஆபீஸ், எல்லாம் எட்டு. எட்டு வந்தா எனக்குக் காரியம் ஆகும்."

"நல்லது," என்றார் ஜலஜா. "நாங்க கெளம்பறோம்."

"அவ்வளவுதானா?" என்று ஜம்பு காதில் கிசுகிசுத்தான். "சந்தேகப்பட்ட ஆள்கிட்ட ஒரே ஒரு கேள்வி, அதுவும் கார் விஷயம். மேடம், வாங்கற ஐடியா இருந்தா சொல்லுங்கோ, லோன் நான் பாக்கறேன்."

பத்ரி ஆபீசுக்கு முன்னால் போய்விட்டார். இவர்கள் மூவரும் ஆட்டோ பிடித்தார்கள். ரிங் ரோட்டில் வண்டிகள் நகரவே இல்லை. ஜலஜா ரிப்போர்ட்டின் நகலைப் பையிலிருந்து எடுத்தார்.

"ஒன்பதாம் தூண். மூணு பக்கம். வாசி."

ஜம்பு சொசைட்டி விழாக்களில் தம்போலா ஆட்டத்துக்கு எண் கூப்பிடுகிறவன். எண்ணைப் பார்த்தால் அவனுக்குக் குரல் தானாகவே மாறும். "பன்னெண்டு, ஒரு டஜன். பதினாலு. பத்தொம்பது. இருபத்திரெண்டு, ரெண்டு வாத்து. இருபத்திநாலு. இருபத்தேழு. இருபத்தொம்பது. முப்பத்தொண்ணு..."

அறுபது எண்ணையும் வாசித்து முடித்தான். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, ஃபுல் ஹவுஸ் யாருக்கு என்று கேட்டார்.

"இன்னொரு தடவை," என்றார் ஜலஜா.

வாசித்தான். ஜலஜா தண்ணீர் குடித்தார். பிறகு மற்ற பன்னிரண்டு துளைகளின் பக்கங்களைத் தானே எடுத்துப் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தார். குறித்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் இளவரசியிடம் பேசினார்.

"வீடு எங்க?"

"இப்ப நரேலா மேடம். மதராசி கேம்ப் குடிசையில இருந்தோம். அத இடிச்சப்ப அங்க ஃப்ளாட் குடுத்தாங்க."

"ஃப்ளாட் நம்பர்?"

"முந்நூத்தி அஞ்சு."

"மாத்திக் கேக்கலையா?"

இளவரசிக்குக் கேள்வியே புரியவில்லை. "பாதிப் பேருக்கு ஃப்ளாட்டே கெடைக்கல மேடம். நம்பர யாரு பாத்தா? கதவுக்குத் தாழ்ப்பா இருக்குதான்னு பாத்தோம்." வெளியே பார்த்தாள். "எங்கம்மா இன்னமும் ரெண்டு பஸ்சு மாறி ஜங்புராவுக்குப் பாத்திரம் தேய்க்கப் போறாங்க. இந்த வருசத்தோட நிறுத்திடலாம்னு சொல்லியிருந்தேன். அது கூடப் போவட்டும். எனக்குப் பயம் அது இல்ல. நான்தான் பொய்யின்னு முடிச்சிட்டா, குழாய்க்காரங்க நம்பர்தான் தப்புன்னு ஒருத்தர் எழுதிடுவாரு. ஆறு நாள்ல பாலத்தத் தொறந்துருவாங்க. பள்ளிக்கூட பஸ்செல்லாம் போவும் மேடம்."

ஜலஜா பென்சிலைப் பையில் போட்டார்.

"மணி என்ன?"

"ரெண்டே முக்கால்."

"போதும். பத்ரி சார் ஆபீசுக்குப் போகலாம்."

"அர்விந்த் ஆபீசுக்கு இல்லையா?"

"அவரை விட்டுடு. பாவம், எட்டாம் தேதி பொறந்தவர்."

மூன்றரைக்கு பத்ரியின் அறைக்குள் நுழைந்தார்கள். மூன்றாவது மாடி. விசாரணைக் கமிட்டிக்கு ஒரு மாடி மேலே இடம் போட்டிருந்தார்கள். பத்ரி டீ வரவழைத்தார். இளவரசிக்குத் தன் கையாலேயே பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார்.

"கண்டுபிடிச்சாச்சு சார்," என்றார் ஜலஜா.

"அர்விந்த்தானே?"

"இல்ல. அந்த நம்பரை எழுதினவர் தமிழ்க்காரர்."

இளவரசி எடுத்த பிஸ்கட்டை அப்படியே கீழே வைத்தாள். ஜம்பு மனசுக்குள் கணக்குப் போட்டான். அந்தப் பாலத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் பிஸ்கட் கொடுத்தவர். அப்படியென்றால் பிஸ்கட் வாங்கினவள். நாலு மணிக்கு இன்னும் அரை மணி இருக்கும்போது கட்சிக்காரியையே மாட்டிவிடுகிற துப்பறிவாளரிடம் வேலை பார்க்கிறோமே என்று இருந்தது.

"சுத்தியலுக்கு நாள், நட்சத்திரம் ஒண்ணும் தெரியாது சார்," என்று ஜலஜா சாவகாசமாக ஆரம்பித்தார். "அது பாட்டுக்கு விழும். விழற எண்ணிக்கை எட்டா, பதினேழா, இருபத்தாறான்னு பாக்காது. மத்த பன்னெண்டு துளையில இருநூத்தி நாப்பது நம்பர் இருக்கு. அதுல எட்டு வர்ற நம்பரும், கூட்டினா எட்டு வர்ற நம்பரும் நாப்பத்தொம்பது. ஆட்டோவுல எண்ணினேன். ஒன்பதாம் தூணுக்கு அறுபது நம்பர். அதுல ஒரு பன்னெண்டாவது வந்திருக்கணும். ஒண்ணு கூட இல்ல. பதினேழு இல்ல, பதினெட்டு இல்ல, இருபத்தாறு இல்ல, முப்பத்தஞ்சு, முப்பத்தெட்டு, நாப்பத்திநாலு எதுவும் இல்ல. உக்காந்து மனசுலேர்ந்து எழுதின மனுஷன், அந்த நம்பர் வந்தப்பல்லாம் அறியாமலே தாண்டிப் போயிருக்கார்."

ஜம்புவின் வாய் திறந்து மூடியது.

"மேடம். நம்ம ஃப்ளாட் நாலு வருஷம் பூட்டிக் கிடந்தது..."

"ஒண்ணும் ஏழும் எட்டு."

"அப்ப புறா இல்லையா?"

"இல்ல."

"ஆறு வருஷமா அதுகளைத் திட்டிண்டிருக்கேன்," என்றான் ஜம்பு. நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

ஜலஜா இளவரசியின் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு வீட்டு நம்பர் முந்நூத்தி அஞ்சு. கூட்டிப் பாத்ததே கிடையாது. எட்டுக்குப் பயப்படறதுக்கும் ஒரு வசதி வேணும் சார், அவங்களுக்கு அது இருந்ததில்ல. அர்விந்த் எட்டை ஏலத்துல எடுக்கறவர். நீங்க மூணு தடவை எங்க வாசல் வரைக்கும் வந்தீங்க. பதினாறு படி ஏற முட்டி வலிச்சுது. இன்னிக்கு அறுபத்தஞ்சு படி ஏறி எனக்குக் கை குடுத்தீங்க. பாலத்துல நடுவுல ஒரு தூணைக் கூட்டினதா சொன்னீங்க. கூட்டினா ஏழு, ஏழு-ஏ, அப்புறம் எட்டு வரணும். உங்க பாலத்துல எட்டே கிடையாது."

பத்ரி டீயை ஒரு வாய் குடித்தார்.

"எட்டு பிடிக்கலைன்னா குத்தமா மேடம்? அப்படிப் பாத்தா பாதி மெட்ராஸை உள்ள போடணும். இதெல்லாம் கமிட்டியில நிக்காது."

"நிக்காது," என்று ஜலஜா ஒப்புக்கொண்டார். "அதான் அரை மணி முன்னாடியே வந்தேன்." மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். தன் பேனாவைத் திறந்து அதன்மேல் வைத்தார். "நான் சொன்னது தப்புன்னா ரொம்ப சுலபம் சார். இதுல பதினேழுன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க. உங்ககிட்டயும் அர்விந்த்கிட்டயும் மன்னிப்பு கேட்டுட்டு, அவரையே பிடிச்சுக் குடுத்துடறேன்."

பத்ரி சிரித்தார். பேனாவை எடுத்தார். முப்பத்தாறு வருஷம் ஆயிரம் வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட கை. ஒன்று என்று கோடு இழுத்தார். அதன் பக்கத்தில் பேனா முனை தாளைத் தொட்டபடி நின்றது. மை ஊறி ஒரு புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஜம்பு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுதிவிடுங்களேன் சார் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டான்.

"காலம்பர ஒரு தூண் சாஞ்சுதுன்னு சொன்னீங்க," என்றார் ஜலஜா. குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. "அது எத்தனாவது தூண்?"

பத்ரி பேனாவைக் கீழே வைத்தார். "எட்டு," என்றார்.

"ஏன் சாஞ்சுது?"

"அடியில மணல் கூழாயிடுத்து. வீக்கான மண்ணு. ரிப்போர்ட்லயே இருந்தது, யாரும் படிக்கலை." அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஆத்தங்கரையில நின்னுண்டு, எட்டுங்கற நம்பர்தான் அவா ரெண்டு பேரையும் வாங்கிண்டுதுன்னு ஒரு பெரியவர் சொன்னார். எனக்கு இருபத்திநாலு வயசு. அதை நம்பறது அன்னிக்கு சௌகரியமா இருந்தது மேடம். மண்ணுன்னா எங்க தப்பு. நம்பர்னா யார் தப்பும் இல்லை."

"அந்த மண்ணும் இதே மாதிரிதான் சார் இருந்திருக்கும்," என்றாள் இளவரசி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"தெரியும்மா. உன் நோட்டைப் பாத்த அன்னிக்கே தெரியும். பைலை நீட்டி, டிசைனை மாத்தி, ஒண்ணரை வருஷம் தள்ளிப் போயிருக்கும். அதுக்குள்ள நான் ரிட்டயர். வேற எவனோ பேரைக் கல்லுல போட்டுண்டு திறப்பான். நாப்பது பாலத்துல வேலை பாத்திருக்கேன், ஒரு கல்லுல கூட என் பேர் கிடையாது. டில்லியில அத்தனை பெருசா பூகம்பம் வராதுன்னு சொல்லிண்டேன். தினம் ராத்திரி சொல்லிண்டேன்."

"அப்ப எங்களை எதுக்கு சார் கூப்பிட்டேள்?" என்றான் ஜம்பு. அவன் குரல் அவன் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.

"இவ முகத்தைப் பாக்க முடியலைப்பா. நீங்க அர்விந்தைப் பிடிப்பேள், இவ தப்பிச்சுடுவா, திறப்பு விழாவும் நடந்துடும்னு நெனச்சேன்."

ஜம்புவுக்குக் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"நோட்டு எங்க?" என்றார் ஜலஜா.

"யமுனையில. ஆனா நம்பர் எல்லாம் ஞாபகம் இருக்கு. மறக்கவே இல்லை."

பத்ரி வேறொரு தாளை எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். இடது பக்கம் ஆழம், வலது பக்கம் எண். ஒன்றரை மீட்டரில் 4. மூன்று மீட்டரில் 5. நாலரையில் 5. ஆறில் 6. ஏழரையில் 6. பியூன் கதவைத் திறந்து தலையை நீட்டி, "சாப், கமிட்டி பைட் கயீ ஹை," என்று ஹிந்தியில் கமிட்டி கூடிவிட்டதைச் சொல்லிவிட்டுப் போனான். பத்ரி 'ஒன்பது மீட்டர்' என்று எழுதினார். பேனா நின்றது.

இளவரசி எழுந்து மேசைப் பக்கம் வந்தாள்.

"அன்னிக்கு எண்ணுற ஆளு சாப்பிடப் போயிட்டாரு சார். ஒம்போது மீட்டர்ல நான்தான் பக்கத்துல நின்னு எண்ணுனேன். எனக்கு மறக்காத நம்பர் அது ஒண்ணுதான்."

"சொல்லும்மா."

"எட்டு."

பத்ரி எழுதினார். குழந்தை எழுதுவதுபோல, இரண்டு வட்டம் தனித்தனியாக, ஒன்றன்மேல் ஒன்று. பத்தரை மீட்டரிலும் எட்டுதான். அதை வேகமாக எழுதினார். அதற்குப் பிறகு கை நிற்கவே இல்லை. மூன்று துளை, அறுபது எண், கீழே கையெழுத்து, தேதி. தாளை மடித்து இளவரசியின் கையில் கொடுத்தார்.

"திறப்பு விழா நடக்காது," என்றார். "மூணு துளையையும் புதுசாப் போடச் சொல்லு. நீயே நின்னு எண்ணு."

அவள் தாளைத் துணிப்பைக்குள் வைத்தாள். பையைத் திறக்க இரண்டு தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது.

நால்வரும் வெளியே வந்தார்கள். லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. பத்ரி படிக்கட்டில் முன்னால் ஏறினார், ஒரு படியிலும் நிற்கவில்லை. நாலாவது மாடித் தாழ்வாரத்தின் கோடியில் கமிட்டி அறை. கதவின் மேல் பித்தளையில் அறை எண்: 404.

ஜம்பு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டிப் பார்த்தான். சொல்ல அருமையான இடம். அவன் வாயைத் திறக்கவில்லை.

பத்ரியும் அந்த எண்ணைப் பார்த்தார். செருப்பைச் சரிசெய்துகொண்டார். பிறகு இளவரசிக்கு முன்னால், தானே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.